எலாதியோ வீட்டுப் பற்கடி

பிப்ரவரி மாதத்தில், பகல் பதினொரு மணிக்கு, பிலார் ஊரில் ஒருத்தி வெயிலில் நடந்து வருகிறாள் என்றால் ஒன்று அவளுக்குப் பல்வலி, இல்லாவிட்டால் புருஷனோடு சண்டை. நிமியா டீச்சர் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது கை கன்னத்தில் இருந்தது. பல்வலி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதில் பாதிதான் சரி.

"டாக்டரக்கா, உள்ள வரலாமா?"

"நான் டாக்டர் இல்ல, பல் செட்டு கட்டறவள்னு ஊருக்கே தெரியும். வா, ஃபேனுக்குக் கீழ உக்காரு."

இரும்புக்கடை எலாதியோவின் இரண்டாவது மனைவி அவள். கல்யாணமாகி எட்டு மாதம்தான். முதல் மனைவி ஹெர்மீனியா நான்கு வருடத்துக்கு முன்னால் மதியத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் படுத்திருந்தும் எதுவும் தெரியாமல் தூங்கிவிட்டேனே என்று எலாதியோ அழுததைப் பார்த்து ஊரே அழுதது. எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. எனக்குச் சந்தேகப் புத்தி, பிறவியிலேயே வந்தது.

மாத்தே இலையை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்த தெரெரே ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தேன். குழாயை உறிஞ்சிவிட்டு, மிதந்த ஐஸ் கட்டியை வாயில் போட்டு நறநறவென்று கடித்தாள்.

"இப்படி ஐஸைக் கடிச்சா பல்லு உடையாம என்ன செய்யும்?" என்றேன்.

"ஐஸ் இல்லக்கா. நான் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேனாம். அவர் சொல்றார். ஆட்டுக்கல்லுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி சத்தமாம். வயித்துல பூச்சின்னு சொல்லி அவரோட அக்கா பச்சிலைக் கசாயம் குடுத்து மூணு தடவை பேதி போக வெச்சுட்டாங்க. பூச்சியும் வரல, சத்தமும் நிக்கல."

"பூச்சிக்கும் பற்கடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உன் நாத்தனாருக்கு வேற வேலை இல்ல. ராத்திரி முழுக்கக் கடிக்கிறியா?"

"ராத்திரி இல்லையாம். சியெஸ்தா நேரத்துல மட்டும்தானாம்."

எங்கள் ஊரில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கடை, பள்ளிக்கூடம், நாய் எல்லாம் தூங்கும். அதுதான் சியெஸ்தா. பற்கடிக்கு நேரம் காலம் பார்க்கத் தெரியும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"உனக்குக் கேக்குமா?"

"தூங்கறவளுக்கு எப்படிக்கா கேக்கும்?"

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துப் பார்த்தேன். முகங்களை மறந்துவிடுவேன், வாய்களை மறக்கமாட்டேன். இருபத்தாறு வருடப் பழக்கம். தூக்கத்தில் பல் கடிப்பவர்களின் பல் உச்சி தேய்ந்து மழுங்கியிருக்கும். தாடைச் சதை காதோரம் கட்டியாகப் புடைத்திருக்கும். எழுந்தவுடன் தலை வலிக்கும். நிமியாவிடம் இதில் ஒன்றும் இல்லை. பின்பல் ஒன்றின் ஓரம் மட்டும் சில்லு போயிருந்தது, சந்தேகமே இல்லாமல் ஐஸ் செய்த வேலை. மற்றபடி பதினைந்து வயதுப் பெண்ணின் பற்கள்.

அப்போதே, நீ பல் கடிப்பவள் இல்லை போ என்று அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. முந்தின நாளே எலாதியோ போன் செய்து, "எப்படியாவது அந்தச் சத்தத்தை நிறுத்திக் குடுங்க" என்று கெஞ்சியிருந்தார். மனக்கவலையால் புதிதாகத் தொடங்கியிருக்கலாம், இன்னும் தேயவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உதடு மூடியிருக்கணும், பல்லு பல்லைத் தொடக்கூடாது. நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னாடி இருக்கட்டும். படுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்த் துணியைத் தாடையில வை. மதியத் தூக்கத்துக்கு முன்னாடி காபி, மாத்தே வேண்டாம். மேல் வரிசைக்கு ஒரு கவசம் செஞ்சு தரேன், அதைப் போட்டுட்டுத் தூங்கு."

"இன்னிக்கே அளவு எடுத்துடுங்கக்கா. எனக்குப் பள்ளிக்கூடத்துல மீட்டிங் இருக்கு."

அளவெடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றினால் இறுக முக்கால் மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. இறுகிப்போன பழைய பிளாஸ்டரைப் பொடித்து ஒரு சிட்டிகை புது மாவில் கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும். யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்றுமில்லை, எல்லாரும் செய்வதுதான். பழைய பொடிக்கு நான் எங்கும் போவதில்லை. இடமில்லாத அலமாரியில் செத்துப்போனவர்களின் பல் அச்சுகள் சும்மாதானே கிடக்கின்றன? அவற்றை உடைத்துப் பொடித்து ஒரு காபி டின்னில் வைத்திருந்தேன். அன்று அதிலிருந்து ஒரு கரண்டியே எடுத்துப் போட்டேன்.

அந்த பிளாஸ்டர் அச்சின்மேல் வார்த்த கவசம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வாரம் கழித்து எலாதியோவே நேரில் வந்தார், கையில் பப்பாளி இனிப்பு ஒரு ஜாடி. மெலிந்த உருவம், மெல்லிய குரல், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். என் பெயரோடு 'தோன்யா' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"சத்தம் நின்னு போச்சு, தோன்யா லிதுவீனா. நாலு வருஷத்துக்கப்புறம் நிம்மதியாத் தூங்கறேன்."

"நாலு வருஷமா? டீச்சர் வந்து எட்டு மாசம்தானே ஆச்சு?"

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து, என் பட்டறைக் கதவின் கீல்களுக்கு, நான் கேட்காமலேயே எண்ணெய் விட்டார். சியெஸ்தா கலையக்கூடாதென்று தெரு முழுக்க எல்லார் வீட்டுக் கேட்டுக்கும் அவர் இப்படிச் செய்வது ஊரறிந்த வேடிக்கை. பக்கத்து வீட்டுச் சேவலை விலைக்கு வாங்கிச் சூப் வைத்தவர். நல்ல மனுஷன், கொஞ்சம் கிறுக்கு என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்று அவர் போனபின் கதவு துளியும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பதினெட்டாம் நாள் நிமியா மறுபடி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கைக்குட்டையைப் பிரித்துக் கவசத்தை மேசைமேல் வைத்தாள்.

வலப்பக்கம் கடித்துத் துளைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கெட்டி அக்ரிலிக்கைத் துளைக்க ஒரு முரட்டு ஆளுக்கே ஒரு வருடமாவது ஆகும். இவளுக்குப் பதினெட்டே நாள்.

"திரும்ப ஆரம்பிச்சுடுச்சாம்க்கா. முன்னைவிட மோசமாம். அவர் தூங்கறதே இல்ல. போன வாரம் ரெண்டு தடவை நான் மூச்சு முட்டி எழுந்தேன். கண்ணைத் திறந்தா தலமாட்டுல நிக்கறார், கையில தலையணை. கீழ விழுந்துச்சு, எடுத்து வெக்கறேன்னார்."

"ரெண்டு தடவையும் தலையணை விழுந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கும் வந்திருக்கிறது. வாய்விட்டுக் கேட்கப் பயந்திருக்கிறாள்.

நீல மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கீழ்ப்பற்கள் எங்கே படுகின்றன என்று கவசத்தில் நீலப் புள்ளிகள் விழும். விழுந்தன. ஆனால் தேய்ந்த தடங்கள் வேறு இடத்தில் இருந்தன. ஒரு புள்ளிகூட ஒத்துப்போகவில்லை. கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான்.

கவசத்தைக் கடித்த வாயில், கீழ் வரிசையின் நடுவில் இரண்டு பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றிருந்தன. இடப்பக்கம் ஒரு பல்லே இல்லை; அந்த இடத்தில் மட்டும் கவசம் வழவழவென்று புதுசாக இருந்தது. நிமியாவின் கீழ் வரிசையோ ஒரு பல்கூடக் குறையாமல் நேராக இருந்தது.

"இதை வேற யாராவது போட்டாங்களாடி?"

"சீ, யாருக்கா அடுத்தவங்க எச்சிலைப் போடுவாங்க? நானே அஞ்சு நாளாப் போடல. ஈறு வலிக்குதுன்னு தண்ணித் தம்ளருக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். காலையில எடுத்துப் பாத்தா ஓட்டை."

எலாதியோவின் வாய் எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன்பே கீழ்ப்பற்களை எடுத்துவிட்டு நான் கட்டிய செட்டைத்தான் போட்டிருக்கிறார். அது அளவெடுத்து அடுக்கிய நேர்வரிசை.

ஏறி நின்ற பல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததை நம்ப மனம் ஒப்பவில்லை. நோயாளி அட்டைகள் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்தேன். 'எச்' எழுத்து வரிசையில் இருந்தது. என் கையெழுத்து, நானே வரைந்த பல் படம். கீழ் வரிசை நடுவில் ஏறுபல். இடப்பக்கம் ஒரு பல் இல்லை. குறிப்பு: 'தூக்கத்தில் பற்கடி. கணவர் புகார்.'

ஹெர்மீனியா.

அச்சை எடுத்து ஒப்பிடலாம் என்று அலமாரிப் பக்கம் போனவள் பாதியில் நின்றுவிட்டேன். அச்சு அங்கே இல்லை. போன டிசம்பரில் நான்தான் சுத்தியலால் உடைத்தேன். காபி டின்னில் இருந்தது. ஒரு கரண்டி நிமியாவின் அச்சுக்குள் இருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் எதிரிலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா?"

"நீ பல்லு கடிக்கலை. அந்த வீட்டுல வேற யாரோ கடிக்கறாங்க. இனி அங்க கண்ணை மூடாதே."

அவள் போக மறுத்தாள். ஒரு பல் தடத்தை நம்பிக் கல்யாணத்தை உடைப்பதா, காதால் கேட்டால்தான் நம்புவேன் என்றாள். வியாழக்கிழமை எலாதியோ சரக்கு எடுக்க லாரியில் தலைநகர் அசுன்சியோன் போகிறார், திரும்ப இரவாகும், அன்று நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள் என்று ஏற்பாடானது.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்குப் போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் மண்ணிலிருந்து ஆவியாக எழும்பியது. அவர்கள் வீட்டுக் கேட் தொட்டதும் திறந்தது, முனகல்கூட இல்லை. உள்ளே ஜன்னலெல்லாம் அடைத்து நடுப்பகலிலேயே இருட்டு. மெஷின் எண்ணெய் வாசனை. சுவர்க் கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடத்தில் நின்றிருந்தது. படுக்கையறை உத்தரத்தில் ஃபேன் இருந்த கொக்கி மட்டும் தொங்கியது.

"கிறீச்சுங்குதுன்னு கழட்டிட்டார்," என்று நிமியா கிசுகிசுத்தாள். தனியாக இருக்கும்போதும் அந்த வீட்டில் அவள் கிசுகிசுக்கத்தான் செய்தாள்.

பல நாள் தூக்கமில்லாதவள். தலை சாய்த்ததும் தூங்கிவிட்டாள். நான் அலமாரி ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வேர்வை முதுகில் ஊர்ந்தது. அவள் மூச்சு சீராக வந்தது. உதடு லேசாகத் திறந்து, தாடை தளர்ந்து கிடந்தது.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை.

பிறகு தொடங்கியது.

முதலில் எலி என்று நினைத்தேன். மரத்தைச் சுரண்டுவதுபோல் மெல்லிய சத்தம். பிறகு கனத்தது. பல்லின்மேல் பல் அழுந்தி, மெதுவாக, பக்கவாட்டில் இழுபடும் சத்தம். எனக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எழுந்து போய் நிமியாவின் தாடையில் விரலை வைத்தேன்.

அசையவில்லை.

வாய் திறந்திருந்தது. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாக நுழையும்.

சத்தம் நிற்கவில்லை.

குனிந்து கேட்டேன். அவளிடமிருந்து வரவில்லை. கட்டிலின் மறுபக்கம், காலியாக இருந்த தலையணையிலிருந்து வந்தது. அந்தத் தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. தூங்குகிற பெண்ணை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

சத்தம் வேகமெடுத்தது. நறநறவென்று, வெறி பிடித்ததுபோல், பல் தூளாகிவிடும் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. தொழில் தெரிந்த காதுக்கு அதில் இன்னொன்றும் கேட்டது. இடப்பக்கம் இழுபடும்போதெல்லாம் ஓர் இடத்தில் சத்தம் விட்டுப்போனது.

திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. எண்ணெய் விட்ட கதவு.

எலாதியோ நின்றிருந்தார். கூடத்து சோபாவிலிருந்து எடுத்த தலையணை இரண்டு கையிலும் இருந்தது. அசுன்சியோன் போகவே இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"மெதுவா. தூங்கறா."

"கையில என்ன, தோன் எலாதியோ?"

"உங்களுக்கும் கேக்குதில்ல?" கண்ணில் தண்ணீர் நின்றது. "ஹெர்மீனியாவும் இப்படித்தான். பதினோரு வருஷம். ஒரே ஒரு மதியம்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

"எந்த மதியம்?"

அவர் தலையணையின் ஓரத்தை நீவிவிட்டார். எந்த மதியம் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஊரே சேர்ந்து அழுத மதியம் அது.

"எந்த மதியம், எலாதியோ?" என்று இன்னொரு குரல் கேட்டது. நிமியா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாள் என்று தெரியாது.

அந்தக் கணத்தில் பற்கடி நின்றது.

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். நாங்கள் இருவரும் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவர் தடுக்கவில்லை. காலியான கட்டிலைப் பார்த்தபடி, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

காவல் நிலையத்தில் அதிகாரி கொட்டாவி விட்டபடி எல்லாவற்றையும் கேட்டார். "சொந்த வீட்டுல தலையணை எடுத்துட்டு நடக்கறது குத்தமில்ல, தோன்யா. செத்தவ பல்லு சத்தத்தை சாட்சிக் கூண்டுல ஏத்தச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். டாக்டரின் சான்றிதழ் அப்படியே இருக்கிறது. ஊர் எலாதியோவுக்காக இரக்கப்பட்டது. புது டீச்சருக்குக் கொஞ்சம் மூளைக் கோளாறு என்று ஒரு மாதம் அதையே வாயில் போட்டு மென்றார்கள். நிமியா அசுன்சியோனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இரைச்சலான ஃபேனுக்கு அடியில் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன் என்று போனில் சொன்னாள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

காபி டின்னைக் கல்லறைக்கு எடுத்துப் போய், ஹெர்மீனியா காலடி மண்ணில் கொட்டி மன்னிப்புக் கேட்டேன். கூடவே ஒன்றைக் கேட்டேன்: நீ அந்தப் பெண்ணை எழுப்பினாயா, இல்லை அவனை ஏவினாயா? அவள் நல்லவள்தான் என்று நினைக்கவே ஆசை. இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை எலாதியோ பட்டறைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. யாரும் சொல்லாமலேயே நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

"எனக்கும் ஒரு கவசம் செஞ்சு குடுங்க. நான் தூக்கத்துல பல்லு கடிக்கறேன் போல. வீட்டுல இப்ப வேற யாரும் இல்லையே."

"செட்டைக் கழட்டுங்க."

கீழ்ச் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். விளக்கை அடித்து, வாயை அகலத் திறக்கச் சொன்னேன். கீழே வெறும் ஈறு. மேலே இருந்த பற்களுக்குத் தொடக்கூட எதிரில் ஒன்றும் இல்லை. என் இரண்டு விரல்கள் அவர் வாய்க்குள் இருந்தன.

அப்போது அவர் கண்கள் விரிந்தன. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரல்களைச் சுற்றிக் குழறினார்.

"இதோ... இப்ப... உங்களுக்கும் கேக்குதில்ல? அன்னிக்குக் கேட்டுச்சே உங்களுக்கு?"

கேட்டது. அவர் இடது காதுக்குப் பக்கத்தில், காலியான காற்றில், நிதானமாக, அவசரமே இல்லாமல்.

விரல்களை எடுத்தேன். கையைக் கழுவித் துடைத்தேன்.

"ஒண்ணும் கேக்கலையே, தோன் எலாதியோ," என்றேன். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க."